வாசகர் கேள்வி-பதில்: கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையின் வழவழத் தரையைப் பார்த்ததிலிருந்து ஒரு யோசனை. பழங்கால நாகரிகங்களின் கண்டுபிடிப்புகளில் நம்ம ஊரில் இன்றும் புழங்குவது எது?
- வாசகி, தக்கலை

பதில்: அந்தத் தரையிலேயே பதில் இருக்கிறது. சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெருகேற்றியது என்பார்கள். சக்கரம், எழுத்து என்று பலரும் சொல்வார்கள், எனக்குச் சுண்ணாம்புதான் முதலில். சிப்பியைச் சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும், தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொடியும், சுவரில் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகும். ஜோர்டானில் அயின் கஸல் என்ற இடத்தில் கிடைத்த சுண்ணாம்புச் சாந்துச் சிலைகளுக்கு வயது சுமார் 9,000 ஆண்டு. அப்போது அந்த மக்களிடம் மண்பானைகூடப் பெரிதாகப் புழக்கத்தில் இல்லை!

நான் அதிகம் மெச்சுவது நம்ம பனையேறிகளின் வேலையைத்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பாளையிலிருந்து சொட்டுவது சீக்கிரமே புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் சுண்ணாம்பின் காரத்தன்மையில் நுண்ணுயிர்களின் வேலை நடக்காது, இனிப்பு அப்படியே நிற்கும், அக்கானியாக, அதாவது பதநீராகக் குடிக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டியும் ஆக்கலாம். நுண்ணுயிர் என்ற பேச்சே இல்லாத காலத்து அறிவு இது.

மெக்சிகோவில் 3,000 ஆண்டுகளுக்கு மேலாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கிறார்கள். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் சத்து உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அதையே நம்பிச் சாப்பிட்ட இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளுக்கு அந்தச் சத்துக் குறைவால் பெல்லக்ரா என்ற நோய் வந்தது, தோல் வெடித்து, புத்தி பேதலித்து எத்தனையோ பேர் செத்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

கேள்வி: ரோமானியர் கான்கிரீட்டின் ரகசியம் இன்றுவரை யாருக்கும் தெரியாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
- வாசகர், குளச்சல்

பதில்: இல்லை. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள், கடல்நீர் பட்டால் அதற்குள் புதுக் கனிமங்கள் வளர்ந்து இன்னும் இறுகும். சுடச்சுடக் கலந்ததால் உள்ளே தங்கிய சுண்ணாம்புக் கட்டிகள், விரிசலில் தண்ணீர் இறங்கும்போது கரைந்து அந்த விரிசலையே அடைக்கின்றன என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது, உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. உங்கள் கடற்கரை வீடுகளில் மேல்தளம் பெயர்ந்து விழுவது பெரும்பாலும் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதுவதால்தான். ஆனால் கம்பி இல்லாமல் இன்றைய மாடி வீட்டைக் கட்ட முடியாது, அதனால் இந்தக் காலத்துக் கொத்தனாரைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?
- வாசகர், கருங்கல்

பதில்: வேண்டாம். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே இருக்கும் பழைய சாந்து இன்னும் கெடும். முதலில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள், அப்புறம் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள்.