சப்பாத்தியை விட்டும் வயிறு சரியாகவில்லையா? மாவு மில்லைப் பாருங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வயது 38. நாலைந்து வருடமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்புசம். ரத்தசோகைக்கு எத்தனை இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவே இல்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, பயாப்ஸி எல்லாம் எடுத்துப் பார்த்து சீலியாக் நோய் என்றார்கள். கோதுமையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சப்பாத்தி, பரோட்டா, பிரெட் மூன்றையும் விட்டு மூன்று மாதம் ஆகிறது, பாதிதான் சரியாகியிருக்கிறது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, ராத்திரி சப்பாத்தி போட்டே ஆகவேண்டும். துளி பட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் மாமியார். இன்னும் எதை நிறுத்துவது?"

முதலில் அந்தத் 'துளி' விஷயத்தை முடித்துவிடுவோம். சீலியாக் என்று பயாப்ஸியில் உறுதியான பிறகு கோதுமையைக் குறைப்பது போதாது, அறவே நிறுத்த வேண்டும். இது அஜீரணம் இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது, சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற மடிப்புகள் தட்டையாகிவிடுகின்றன. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான், அதனால்தான் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம், அதாவது அந்தச் சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு, தொடர்ந்து உள்ளே போனாலே குடல்சுவர் ஆறாது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆக, மாமியார் சொல்கிற துளி இந்த நோயில் பெரிய அளவுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. வட இந்தியாவில் ஓரளவு தெரிந்த நோய் இது, நம் பக்கம் குறைவு என்பதால் கேள்விப்பட்டவர்களே கொஞ்சம் பேர்தான்.

மூன்று மாதத்தில் பாதி குறைந்திருப்பது நல்ல அறிகுறி. குடல் முழுதாக ஆற, பெரியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தால், குளூட்டன் இன்னும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

நான் முதலில் சந்தேகப்படுவது மாவு மில்லை. சப்பாத்தியை விட்டவர்கள் அடுத்து ராகிக்குப் போவார்கள், நீங்களும் போயிருப்பீர்கள். ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவர் பத்து கிலோ கோதுமை அரைத்திருப்பார், அதே மெஷினில் உங்கள் ராகியைக் கொட்டுவார்கள், கல்லிலும் குழாயிலும் கீழே கட்டியிருக்கும் துணியிலும் ஒட்டியிருந்த கோதுமை மாவு உங்கள் தூக்கில் வந்து விழும். "கொஞ்சம் அரிசி ஓட்டிட்டு அரைச்சுத் தரேன்" என்று மில்காரர் நல்ல மனதோடு சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதில் முழுக்கப் போகாது. தானியமாக வாங்கி, ஒரு தட்டில் பரப்பி, நடுவில் கோதுமை மணி கிடக்கிறதா என்று பொறுக்கிவிட்டு, கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரையுங்கள். கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் வரும். களிக்கும் கூழுக்கும் அது போதும், அடைக்கு இரண்டு தடவை சலித்துக்கொள்ளலாம், ஆனால் கோதுமை சலித்த சல்லடையில் வேண்டாம். அரிசி மாவுக்கும் இதே கதைதான். ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் ஆட்டுகிற இட்லி மாவில் இந்த வம்பு இல்லை.

அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் தூளும் கட்டியும் சுத்தமான பெருங்காயம் இல்லை, கோந்தும் மாவும் சேர்த்துச் செய்த கூட்டுப் பெருங்காயம், அந்த மாவு பல பிராண்டுகளில் மைதா. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒரு பானை சாம்பாரில் போடும் சிட்டிகையைக் கணக்குப் பார்த்தால் ஆளுக்குச் சில மில்லிகிராம்தான் வரும், தனியாக அது பெரிய குற்றவாளி இல்லை. ஆனால் சாம்பார், ரசம், தாளித்த மோர், ஊறுகாய், அப்பளம் என்று ஒரே இலையில் ஐந்து இடத்தில் வருகிறதே. அரிசி மாவு சேர்த்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பெருங்காயம் இப்போது கிடைக்கிறது, விலையும் அப்படியொன்றும் அதிகமில்லை. ஊறுகாயை வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரவை, சேமியா, சம்பா ரவை, மைதா எல்லாம் கோதுமைதான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ரவா தோசையைத் தோசை என்றே நினைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து வயிற்றைப் பிடிப்பவர்கள் உண்டு. கோயில் கேசரியும் கல்யாண வீட்டு பாதுஷாவும் வேண்டாம். திருநெல்வேலி அல்வாவைத் தொடவே கூடாது, அது கோதுமைப் பாலில் கிண்டுவது. கடைச் சத்துமாவில் கோதுமையோ பார்லியோ அநேகமாக இருக்கும். பாலில் கலக்கும் மால்ட் பானங்களிலும் பார்லி உண்டு, நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருப்பதால் கோபி மஞ்சூரியன், ஃபிரைட் ரைஸ் இரண்டும் போச்சு. ஓட்ஸ் தன்னளவில் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அதில் கோதுமை கலந்துவிடுவது சகஜம். குடல் ஆறும்வரை அதைத் தள்ளிவையுங்கள்.

வீட்டுக்காரரின் சப்பாத்தி பற்றி. சர்க்கரைக்காரர்களுக்கு ராத்திரி சப்பாத்தி கட்டாயம் என்பது நம் ஊரில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை, அளவு மீறினால் சப்பாத்தியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நிறையக் காய், பருப்போடு அளவாகக் கம்பு அடையோ குதிரைவாலிச் சோறோ அவரும் சாப்பிடலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். இல்லை, சப்பாத்திதான் வேண்டும் என்றால் உங்கள் சாப்பாட்டை முதலில் செய்து மூடி வைத்துவிட்டு, அதற்கப்புறம் மாவு டப்பாவைத் திறங்கள். மாவைக் கையால் பிசைவதால் நோய் வராது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். பறக்கிற மாவு உங்கள் தட்டில் படியக்கூடாது, அவ்வளவுதான். தோசைக்கல் மட்டும் உங்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டும், இரும்புக் கல்லைப் பளபளவென்று தேய்க்கவும் மாட்டோம், சப்பாத்தி போட்ட பொடி ஓரத்தில் கருகி ஒட்டியிருக்கும். பூரி பொரித்த எண்ணெயில் உங்கள் அப்பளத்தைப் போடாதீர்கள். ஹோட்டலிலும் இதே காரணத்தால் தோசையைவிட இட்லி மேல், சாம்பாரை விட்டுத் தேங்காய்ச் சட்னி கேளுங்கள், அதன் தாளிப்பிலும் பெருங்காயம் உண்டா என்று விசாரித்துவிட்டு.

பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுத் தர ஆணையத்தின் விதி. 20 முதல் 100 வரை இருப்பதைக் குளூட்டன் குறைத்த உணவு என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அது உங்களுக்கு இல்லை. அந்த விலையுயர்ந்த பிஸ்கட், பிரெட்டுகளில் நார்ச்சத்தும் பெரும்பாலும் குறைவு, அதை நம்பி வாழ வேண்டாம்.

இவ்வளவும் செய்து பால் குடித்தால் மட்டும் உப்புசம் வருகிறதா? குடல் புண்ணானதால் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். சில மாதம் பாலுக்குப் பதில் மோர், தயிர். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த நோயில் ரத்தத்தில் கூடும் எதிர்ப்பொருளை அளக்கும் டி.டி.ஜி பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். கூடவே இரும்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்த்துவிடுங்கள், எலும்பு அடர்த்தியையும் கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, தனக்கும் இதுதான் போலிருக்கிறது என்று நாளையே கோதுமையை நிறுத்தப் போகும் மற்றவர்களுக்கு ஒன்று: நிறுத்தாதீர்கள், முதலில் பரிசோதனை. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தத்திலும் பயாப்ஸியிலும் நோய் தெரியும். உங்களுக்கு இருப்பது குடல் எரிச்சல் நோயாகக்கூட இருக்கலாம். அதில் பலரைப் படுத்துவது குளூட்டன் அல்ல, கோதுமையில் இருக்கும் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட், வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதுதான். அவர்களுக்குக் குறைத்தாலே போதும், பெருங்காய டப்பாவை உருட்ட வேண்டியதில்லை.

வாசகிக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும், உடன்பிறந்தவர்களுக்கும், பெற்றோருக்கும் ஒருமுறை டி.டி.ஜி பார்ப்பது நல்லது. நெருங்கிய ரத்த சொந்தத்தில் பத்துப் பேரில் ஒருவர் வரை இது இருக்கக்கூடும், தொந்தரவே இல்லாமலும் இருக்கும். அந்த முடிவு வரும்வரை பிள்ளைகள் வழக்கம்போலச் சப்பாத்தி சாப்பிடட்டும்.