அப்பா கேட்ட புத்தகம்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 68 வயது, இன்னமும் சொந்த நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். சாதி, பெண் உரிமை என்று நான் பேசினால் கோபப்படாமல் கேட்பார். போன வாரம், "நீ சொல்றதுல பாதி புரியலம்மா. ஒரு புஸ்தகம் குடு, படிச்சுப் பாக்குறேன்" என்றார். எதைக் கொடுப்பது?

பதில்: மகளே, கேட்டு வாங்கிப் படிக்கிற அப்பா எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. என் அப்பாவுக்கு நான் ஒரு புத்தகம்கூடக் கொடுத்ததில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

எடுத்த எடுப்பில் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' வேண்டாம். 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச முடியாமல் போன உரை அது. வாதம் அடுக்கடுக்காக வரும், பிறகு நிதானமாகப் படிக்கட்டும். முதலில் அவர் உழுகிற மண்ணிலிருந்தே தொடங்குங்கள்.

ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' கொடுங்கள். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல். பிராமணக் குடும்பத்தில் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், முடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு, பண்ணையாட்களோடு போய் நின்றார். சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த காலம் அது. சாதியையும் பெண் நிலையையும் நீங்கள் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த ஒரு வாழ்க்கையிலேயே இரண்டும் இருக்கின்றன.

அடுத்தது வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் தலித் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலவுடைமையாளர்களின் ஆட்கள் ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் வளர்ந்த பகை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இதை வைத்து வந்ததுதான், சாகித்ய அகாதமி விருதும் பெற்றது. ஆனால் பண்ணையாரின் மனச்சிக்கலுக்கு அதில் கிடைக்கும் இடம் கூலிப் பிரச்சினையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பது என் எண்ணம். அதனால் இதே வெண்மணியை வைத்து சோலை சுந்தரபெருமாள் எழுதிய 'செந்நெல்' நாவல் போதும். கீழத்தஞ்சை வயல்காட்டை உங்கள் அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாமாவின் 'கருக்கு' மூன்றாவதாக இருக்கட்டும். அது விருதுநகர் பக்கத்துத் தலித் பெண் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதியது, பேச்சுத் தமிழிலேயே ஓடும்.

சம்பா அறுப்பு முடிந்து, வைக்கோல் போர் போட்ட பிறகு கொடுங்கள். அடிக்கோடு போட்டுக் கொடுக்காதீர்கள், பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிடும். 'செந்நெல்' படித்து முடித்ததும் ஒன்று மட்டும் கேளுங்கள். 1968-இல் அவருக்குப் பத்துப் பதினோரு வயது இருந்திருக்கும். அந்த மார்கழியில் வீட்டுப் பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.