மறதி முற்றினால் பவர் பத்திரம் செல்லுமா?

அம்மாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது, ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கினால் பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துவிடும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தேவைப்படும் நேரம் பார்த்துக் கைவிடும் ஏற்பாடு!

அம்மா தெளிவாக இருக்கும்போதே பேங்குக்குக் கூட்டிப்போய், கணக்கில் உங்களையும் சேர்த்து 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவர் எடுக்கலாம்) என்று மாற்றச் சொல்லுங்கள். டெபாசிட்டுக்கும் அதேதான். நாமினியாக மட்டும் இருந்தால் அவர் இருக்கும்வரை நீங்கள் பணம் எடுக்க முடியாது. பின்னாளில் கை நடுங்கிக் கையெழுத்து வராவிட்டால் கைரேகை செல்லும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி.

சாதாரண சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் பிள்ளைகள் கையெழுத்தே போதும். வென்டிலேட்டர் மாதிரி விஷயங்களுக்கு அம்மாவே முன்கூட்டி மருத்துவ உயில் (கடைசி நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் பத்திரம்) எழுதி, முடிவெடுக்க உங்கள் பெயரைப் போடலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் முறையை எளிதாக்கிவிட்டது: இரண்டு சாட்சிகள், அப்புறம் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி.

வீட்டை விற்கும் யோசனை இருந்தால் இப்போதே பேசி முடியுங்கள். தள்ளிப்போட்டால், அம்மா சார்பில் முடிவெடுக்க உங்களை நியமிக்கக் கேட்கும் கார்டியன் மனுவோடு ஹைகோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டும்.