வில்சன் நோய்க்குச் சீன மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். என் 17 வயது மகனுக்கு வில்சன் நோய். மூன்று மாதமாகப் பெனிசிலமைன் சாப்பிட்டும் கைநடுக்கம் குறையவில்லை. "கல்லீரலில் காற்று கிளம்பியிருக்கிறது, சீன மருந்தில் சரியாகிவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கலாமா?

பதில்: அவர் சொல்வது சீன மரபு மருத்துவத்தில் இருக்கிற கருத்துதான். தசைநாண்களும் கண்ணும் கல்லீரலின் ஆளுகைக்கு உட்பட்டவை, நடுக்கம் என்றால் உள்ளே 'காற்று' என்பது அவர்கள் கணக்கு. வில்சன் நோயிலும் கல்லீரல் கெடுகிறது, கை நடுங்குகிறது, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் விழுகிறது. விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத்தான் தெரியும்.

ஆனால் இந்த நோய் 13-ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி மரபணுவின் பழுது. உபரிச் செம்பு பித்தத்தோடு வெளியேற முடியாமல் கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. காற்றை அடக்க வைத்தியர்கள் வழக்கமாகக் கொடுப்பதோ காய்ந்த தேள், பூரான், 'டிராகன் எலும்பு' எனப்படும் புதைபடிவ எலும்பு. இவற்றில் செம்பு அதிகம் என்பதால் வில்சன் நோயாளிகள் தவிர்க்க வேண்டும் என்று சீன நரம்பியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. தத்துவப்படி சரியான மருந்து, இந்த நோய்க்கு மட்டும் ஆகாது.

சீனாவின் ஹெஃபெய் நகரில் இந்த நோய்க்காகவே பல ஆண்டுகள் உழைத்த நரம்பியல் மருத்துவர் யாங் ரென்மின் வேறு வழியில் போனார். ரேவல்சின்னி, மஞ்சள் போன்றவை சேர்ந்த 'கான்டோ' கஷாயம் சிறுநீர், மலம் வழியே செம்பை வெளியேற்றும் என்பது அவர் வழிவந்தவர்களின் கருத்து. அங்கேயும் பெனிசிலமைன் போன்ற, செம்பை அகற்றும் நவீன மருந்துகளைக் கைவிடுவதில்லை. வந்திருக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றை நம்பி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பெனிசிலமைனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் கல்லீரல் செயலிழக்கும் அபாயம் உண்டு. நடுக்கம் குறையப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஆரம்பத்தில் இந்த மருந்தாலேயே நடுக்கம் அதிகமாகும். அப்படியென்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், டிரையன்டின் போன்ற மாற்று இருக்கிறது. 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவைப் பார்த்தால் சிகிச்சை எப்படிப் போகிறது என்பதும் தெரியும். எந்த மூலிகையானாலும் பொருட்பட்டியலை மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம். 'ஹெ ஷோ வூ' போன்ற சில சீன மூலிகைகள், நல்ல கல்லீரலையே பாதித்திருக்கின்றன.

அப்புறம், வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் பையனுக்கு அது கூடாது. அவனுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதித்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் இந்த நோய் இருக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு.