கண்ணை நம்பலாமா?

கேள்வி: கானல் நீர் தண்ணீராகத் தெரிகிறது. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. இப்படி ஏமாற்றும் ஐம்புலன்களை நம்பி என்ன அறிவைப் பெற முடியும்? மனத்தை உள்ளே திருப்பிச் சிந்தித்தால் போதாதா?

பதில்: அது கானல்தான், தண்ணீர் இல்லை என்று எப்படித் தெரிந்தது? கண்ணை மூடி யோசித்தா? யாரோ அதை நோக்கி நடந்திருக்கிறார். தரை காய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். கயிறும் அப்படித்தான். விளக்கைக் கொண்டுவந்த பிறகுதான் அது கயிறு என்று தெரிந்தது. புலன் செய்த பிழையைப் புலனே திருத்தியிருக்கிறது. கதையின் இந்தப் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொல்காப்பியர் "ஆறறி வதுவே அவற்றொடு மனனே" என்கிறார். 'அவற்றொடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்தோடு சேர்ந்துதான் அங்கே மனம் வருகிறது, ஐந்துக்கும் பதிலாக அல்ல.

அயர்லாந்துக்காரர் வில்லியம் மோலினியூ 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே பிரித்தறியப் பழகியவர். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்ததுமே எது எது என்று சொல்வாரா? (மோலினியூவின் மனைவி பார்வை இழந்தவர். மோலினியூவுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்காது.) சரியான சோதனைக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு, இந்தியாவில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையான 5 பேரைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டது. தொட்டு அறிந்த பொருளைத் தொட்டே அடையாளம் கண்டார்கள். பார்த்ததைப் பார்த்தும் கண்டுகொண்டார்கள். ஆனால் தொட்டு அறிந்ததைக் கண்ணால் காட்டச் சொன்னபோது, கிட்டத்தட்ட குத்துமதிப்பாகத்தான் சொன்னார்கள். பார்த்துப் பழகிய சில நாட்களிலேயே அதுவும் நன்றாக வந்துவிட்டது. தொடு உணர்வையும் பார்வையையும் இணைக்கும் அறிவு மனத்துக்குள் தயாராக இருக்கவில்லை. கண்ணும் கையும் பழகிப் பழகித்தான் அது வந்தது.

உங்கள் ஐயத்தில் ஒரு நியாயமும் உண்டு. நம் புலன்களின் எல்லை குறுகியது. காதுக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரைதான். கண்ணுக்கும் அப்படி ஒரு எல்லை உண்டு. 1800இல் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், எதுவுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அளவு ஏறியது. அகச்சிவப்புக் கதிரை இப்படித்தான் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத கதிர்தான். ஆனால் வெப்பமானி ஏறியதை அவர் கண்ணால்தானே பார்த்தார்?