எஸ்.எஸ். மிக் வெல்டிங்: துரு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 2 மி.மீ. ஷீட்டில் ஹோட்டல் சமையலறை மேசைகள் செய்கிறோம். எம்.எஸ். (சாதா இரும்பு) வேலைக்கு வைத்திருக்கும் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டரிலேயே 308எல் கம்பி போட்டு மிக் வெல்டிங் (கம்பி தானாக ஓடிவந்து உருகும் முறை) அடித்தோம். பீட் (வெல்டிங் படிந்த கோடு) கறுத்து, சில வாரங்களில் துருவும் ஏறுகிறது. கம்பி போலியா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கோளாறு கம்பியில் இல்லை, வாயுவில் இருக்கிறது. 308எல் கம்பியில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டாது. அதற்காகத்தான் அந்தக் கம்பியை வாங்குகிறோம். வெறும் சிஓடூ, ஆர்க்கின் (வெல்டிங் மின்பொறியின்) சூட்டில் பிரிந்து, உருகிய உலோகத்தில் கார்பனை ஏற்றிவிடுகிறது. 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் குறைந்த இடத்தில் துரு பிடிக்கும். கறுப்புத் தோல், எரிந்த குரோமியத்தின் ஆக்சைடு. எம்.எஸ்ஸுக்கு அருமையாக வேலை செய்யும் 80/20 (ஆர்கான் 80, சிஓடூ 20) கலவையும் இங்கே வேண்டாம்.

98 சதவீத ஆர்கான், 2 சதவீத சிஓடூ கலவை கேட்டு வாங்குங்கள். ரெகுலேட்டரும் ஆர்கானுக்குரியதாக இருக்கட்டும். ஓட்டம் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் போதும். கூட்டினால் காற்றையும் உள்ளே இழுக்கும். கம்பி 0.8 மி.மீ., முடிந்தால் 308எல்எஸ்ஐ. அதில் சிலிக்கான் கூடுதல் என்பதால் பீட் ஓரங்களில் நன்றாகப் படரும், அரைக்கும் வேலை குறையும். சிஓடூவுக்கு வைத்த வோல்டேஜை அப்படியே விட்டால் ஓட்டை விழும். 2, 3 வோல்ட் குறைத்து, கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள். எஸ்.எஸ். அதிகம் விரிந்து வளையும், எனவே டேக்குகளை (முதலில் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டுகளை) நெருக்கமாக வையுங்கள். எம்.எஸ்ஸில் தேய்த்த பிரஷ், கிரைண்டிங் டிஸ்க் இரண்டையும் இதில் தொடவே கூடாது.

ஏற்கெனவே அடித்த மேசைகளில் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) கறுப்பை எடுக்கும், உள்ளே ஏறிய கார்பனை எடுக்காது. தண்ணீர் தேங்கும் இடங்களில் பழைய பீட்டை அரைத்தெடுத்து மறுபடி அடிப்பதே சரி.

கேள்வி: டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் அடிக்கும் முறை) செட்டில் இருக்கும் சுத்த ஆர்கானையே மிக்கில் போட்டால்?
- வாசகர், ஓசூர்

பதில்: துரு வராது. ஆனால் ஆர்க் அலைபாயும், பீட் ஓரம் பிடிக்காமல் மேடாக நிற்கும். ஆர்க்கை நிலைநிறுத்தத்தான் அந்த 2 சதவீதம்.

கேள்வி: 304 தகட்டை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் ஸ்டாண்டில் 308எல் கம்பியால் ஒட்டினோம். பீட் நடுவே விரிசல் விழுகிறது. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: காரணம் இரண்டு. பைப்பின் இரும்பு கலந்ததும் பீட்டில் குரோமியமும் நிக்கலும் நீர்த்துப்போய், அது கடினமாகி வெடிக்கிறது. இதற்கு 309எல் கம்பிதான் வேண்டும். வாயு அதே 98/2. அடுத்தது துத்தநாகம். உருகிய துத்தநாகம் எஸ்.எஸ்ஸின் மணிகளுக்கிடையே (உலோகத்தின் நுண்துகள்களுக்கிடையே) புகுந்து பிளக்கும். சேருமிடத்தைச் சுற்றி ஓர் அங்குலத்துக்காவது, பைப்பின் பளபளப்பு போய் வெறும் இரும்பு தெரியும்வரை அரைத்துவிட்டு அடியுங்கள். துத்தநாகப் புகையோடு குரோமியப் புகையும் சேர்வதால் புகை உறிஞ்சியும் சுவாசக் கவசமும் கட்டாயம்.