காதை அறுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர், என் மைத்துனரின் ஏழு சென்ட் மனைக்குப் பட்டா மாற்ற ஐயாயிரம் ரூபாய் வாங்கும்போது லஞ்ச ஒழிப்புப் போலீசாரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பக்கத்துத் தாலுகாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் பிறந்த மண்ணில் ஒரு லஞ்சக்காரனை டிஸ்மிஸ் செய்ய வக்கில்லையா? அந்தக் காலமாக இருந்தால் காது போயிருக்கும். அரசு ஊழியர் என்றால் தலையில் கொம்பா? மைத்துனரோ, ‘பட்டாதான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு வம்பு’ என்கிறார்.
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: ஊரின் பெயர், ஆளின் பெயர், அவருடைய மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வரை எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். வழக்கு நிலுவையில் இருக்கிறது. அந்த அம்மாள் உங்களுக்கு என்ன செய்தார்?

வேலுத்தம்பியை நீங்களே இழுத்ததால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். பின்னால் திருவிதாங்கூரின் தளவாயான, அதாவது முதல் மந்திரியான அவர், 1799-ல் ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனார், மகாராஜா மந்திரியை நீக்கினார், மந்திரியின் கூட்டாளிகள் இருவருக்குக் காது அறுபட்டது. ராஜா காலத்து நீதியில் ஒரு வசதி உண்டு: காதை இழந்தவன் அப்பீலுக்குப் போக முடியாது. இன்று டிஸ்மிஸ் ஆர்டர் வாங்கியவர் நாகர்கோவிலில் இரவு பஸ் ஏறினால், விடிந்ததும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வக்கீலைப் பார்த்துவிடலாம்.

நீங்கள் சொல்லும் கொம்பு, அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு. அது கேட்பது முக்கியமாக இரண்டு. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் யாரும் ஓர் ஊழியரை டிஸ்மிஸ் செய்யக்கூடாது. குற்றச்சாட்டு இன்னதென்று சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே வேலையைப் பறிக்க வேண்டும். லஞ்சம் வாங்கியவரைக் காப்பாற்றும் வரி அதில் ஒன்றுகூட இல்லை. (கீரிப்பாறையில் அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளிக்கும், அரசு பஸ் கண்டக்டருக்கும் இந்தப் பாதுகாப்பும் கிடையாது. அவர்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள்தான். அரசாங்கச் சம்பளம் என்றாலே கொம்பு என்று ஊரில் பேசிக்கொள்வது சரியல்ல.)

சரி, உங்கள் ஆசைப்படியே பிடிபட்ட மறுநாள் டிஸ்மிஸ் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. அந்த ஆர்டர் நீதிமன்றத்தில் நிற்காது. மனிதர் திரும்ப வருவார், பெரும்பாலும் இடைப்பட்ட காலத்துச் சம்பளத்தோடு வருவார். அந்தப் பணம் உங்கள் வரியும் என் வரியும். 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் செய்ய ஊழியருக்கு உரிமையே இல்லை என்று அரசுக்குச் சாதகமாகச் சொன்ன அதே உச்ச நீதிமன்றத்தில்தான், மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அரசு இறங்கி வந்தது.

இனி, நீங்கள் கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். லஞ்ச வழக்கு கோர்ட்டில் முடியும்வரை துறை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி) விதியின்கீழ்க் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து விசாரணையைத் தனியாக நடத்தலாம். கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணைக்கு அத்தனை கடுமை வேண்டாம், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சாட்சியம் காட்டினால் போதும். 1977-ல் ஹரியானா கண்டக்டர் ஒருவர், டிக்கெட் இல்லாமல் வந்த பயணிகளையே விசாரிக்கவில்லையே என்று வாதாடினார். பரிசோதகரின் சாட்சியே போதும் என்றது உச்ச நீதிமன்றம். குற்றவியல் கோர்ட்டில் தண்டனை கிடைத்துவிட்டாலோ துறை விசாரணைகூட வேண்டாம். அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. கல்லூரிக் கல்வித் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில், நம் தமிழ்நாட்டு வழக்குதான், 1995-லேயே அது தீர்ந்துபோன விஷயம்.

இத்தனை ஆயுதம் கையில் இருந்தும் அவர் ஏன் நாற்காலியில் இருக்கிறார்? 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: சஸ்பெண்ட் செய்து மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டிக்கக்கூடாது, வேண்டுமானால் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இங்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டு தாள் எழுத ஓர் அலுவலகத்துக்குக் கை வரவில்லை.

எழுதினாலும் எப்படி எழுதுகிறார்கள்? ‘பொதுமக்களிடம் முறையற்று நடந்துகொண்டு அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தினார்’ என்று ஒரே வரி. எந்தத் தேதி, எந்தச் சர்வே எண், எவ்வளவு பணம், யார் கொடுத்தது, எதுவும் இருக்காது. இத்தனைக்கும் லஞ்ச ஒழிப்புத் துறையின் கோப்பில் எல்லாம் இருக்கும்: பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகளின் எண்கள், சோடியம் கார்பனேட் கரைசலில் விரலை நனைத்ததும் இளஞ்சிவப்பாக மாறிய தண்ணீர் அடைத்து முத்திரையிட்ட பாட்டில், கூட நின்று பார்த்த வேறு துறை ஊழியர்களின் கையெழுத்து. இதைப் பார்த்து எழுதக்கூட முடியாதவர்கள் அந்த ஒரு வரியை எழுதுகிறார்கள். பிறகு விசாரணை அலுவலர் மாற்றலாகிப் போவார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். இதையெல்லாம் சோம்பல் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. ஓட்டையான குறிப்பாணை சில நேரம் வேண்டுமென்றே ஓட்டையாக எழுதப்படுகிறது.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தாமதமாக வருகிறார், சிடுசிடுக்கிறார், வேலையில் மந்தம் என்பதற்கெல்லாம் டிஸ்மிஸ் கேட்டு எனக்கு எழுதாதீர்கள். திறமைக்குறைவு மட்டுமே ஒழுங்கீனம் ஆகாது என்று 1979-லேயே தீர்ப்பு இருக்கிறது. லஞ்சம், கையாடல், போலிச் சான்றிதழ் என்றால் கதை வேறு. போலிச் சாதிச் சான்றிதழில் வேலை பெற்றவருக்கு 311 பேச உரிமையே இல்லை என்று பக்கத்துக் கேரளத்து வழக்கொன்றில் 2004-ல் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் அவருடைய குறிப்பாணையின் நகலைக் கேட்காதீர்கள். அது தனிப்பட்ட தகவல் என்ற 2012 தீர்ப்பைக் காட்டிக் கைவிரிப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, வருவாய்த் துறையில் மாவட்டம் முழுதும் நிலுவையில் உள்ள 17(பி) விசாரணைகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேளுங்கள். பதில் கையில் வந்ததும் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அதை மனுவோடு வையுங்கள்.

மைத்துனருக்கும் ஒன்று சொல்லுங்கள். புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானாலும் மற்ற சாட்சியங்களை வைத்து லஞ்சத்தை நிரூபிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. ஆனால் நாற்காலிக்காரருக்கு இன்றைக்கு மிச்சமிருக்கும் பெரிய நம்பிக்கை உங்கள் மைத்துனரின் ‘எதற்கு வம்பு’தான். சம்மன் வந்தால் அவர் போக வேண்டும், அன்று புகாரில் எழுதியதைக் கூண்டில் நின்று அப்படியே சொல்ல வேண்டும்.